தனியாளாகப் பிரேக் ஏர் எடுக்க எந்த பிரஷர் பிளீடர்? மலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

அரவேணு_சாரல் (கோத்தகிரி) | செவ்வாய், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துப் படியுங்கள்.

என்னிடம் இருப்பது பத்து வயதான மாருதி ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) இல்லை. போன மாதம் மகளைக் கோவையில் கல்லூரி விடுதியில் விட நான்கு பேரும் மூட்டைகளோடு இறங்கினோம். பாதி வழியில் முன்னால் ஒரு லோடு லாரி. அதன் பின்னாலேயே பிரேக்கில் கால் வைத்தபடி வந்தேன். குஞ்சப்பனையில் டீக்கு நிறுத்தும்வரை பெடலில் ஒரு குறையும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுத்தால் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகிறது. மூன்று முறை அடித்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது. கைப்பிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வைத்து, ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் முதல் கியரிலேயே மேட்டுப்பாளையம் வரை இறக்கினேன். மறுநாள் வொர்க்‌ஷாப்பில் காட்டினால் பெடல் கல் மாதிரி இருக்கிறது. "ஒன்றும் இல்லையே சார்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய பில்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு சர்வீஸிலும் பிரேக் ஆயில் டாப்-அப் மட்டும்தான் செய்திருக்கிறார்கள். ஒரு முறைகூட முழுதாக மாற்றவில்லை. பழைய ஆயிலையும் உள்ளே மாட்டிய காற்றையும் வெளியேற்றிப் புது ஆயில் நிரப்பும் இந்த வேலையை (ஏர் எடுப்பது, பிளீடிங் என்பது இதைத்தான்) இனி நானே செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். பெடல் மிதிக்க வீட்டில் ஆள் இல்லை. மனைவிக்கு முழங்கால் வலி, மகள் விடுதியில். ஆகவே ஒருவரே செய்யும்படியான கருவி வேண்டும்.

மூன்று வகை பார்த்திருக்கிறேன். கையால் காற்றடிக்கும் தொட்டி வைத்த பிரஷர் பிளீடர் ஒன்று. நிப்பிளில், அதாவது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகில், மாட்டி உறிஞ்சும் வேக்குவம் பம்பு ஒன்று. ஸ்டெப்னி டயரின் காற்றையே எடுத்துக்கொள்ளும் சின்ன பாட்டில் வகை ஒன்று. மலையில் ஓட்டுபவர்கள் எதை வைத்திருக்கிறீர்கள், எதனால் என்று சொல்லுங்கள்.

பர்லியார்_பலா (குன்னூர்) | செவ்வாய், இரவு 10.05

அண்ணா, நல்லபடியாக இறங்கிவிட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. கருவிக்கு முன் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் நாலு பேருக்காவது உதவும்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 மீட்டர். கோத்தகிரியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். 1,200 கிலோ வண்டி ஒன்று 1,500 மீட்டர் இறங்கும்போது விடும் சக்தியைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் வருகிறது. வீட்டு ஹீட்டரை இரண்டரை மணி நேரம் ஓட்டும் அளவு. அதில் ஒரு பங்கை எஞ்சினும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். கியரை மேலே வைத்து இறங்கினால் மிச்சம் முழுவதும் டிஸ்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும்.

ஓடும்போது டிஸ்கில் காற்று பட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அந்தக் காற்று இல்லை. டிஸ்கின் சூடு அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் வழியாக, பிஸ்டன் வழியாக, உள்ளே நிற்கும் ஆயிலுக்குப் போகிறது. அதனால்தான் ஓடும்போது நன்றாக இருந்த பெடல் டீ குடித்த பிறகு கீழே போனது. ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவியை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும். மறுநாள் பார்த்த மெக்கானிக்குக்குக் குறை எதுவும் தெரியாததன் காரணம் இதுதான்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் பொருள். அதன் தரத்தை டாட் என்ற எண்ணால் குறிப்பார்கள். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. டாட் 5.1 என்றால் 260, 180. ஐந்து வருட ஆயில் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று நீங்களே பாருங்கள். டாட் 3 போட்ட வண்டிக்கு டாட் 4 தாராளமாகப் போடலாம். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன். அதைத் தொடவே கூடாது, இவற்றோடு கலக்காது.

ஒரே ஒரு அடையாளம் நினைவில் வையுங்கள். பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடாகிவிட்டது. பெடலே கீழே போனால் ஆயில் கொதித்துவிட்டது.

பழைய_ஸ்பேனர் (கூடலூர்) | புதன், காலை 6.45

தம்பி, 32 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். எந்தக் கருவியும் இல்லாமல் எத்தனையோ வண்டிக்கு ஏர் எடுத்திருக்கிறேன். ஒருவர் மேலே உட்கார்ந்து அடி, அடி, பிடி. ஒருவர் கீழே நிப்பிளைத் திற, மூடு. இதைவிட நம்பிக்கையான முறை கிடையாது. பெடல் கெட்டிப்படுவது காலுக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் முடியும். இதற்கு எதற்குக் காசு போட்டு வெளிநாட்டுச் சாமான்?

கொடை_குறிஞ்சி (கொடைக்கானல்) | புதன், காலை 8.30

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தனியாகச் செய்ய வேண்டிய நிலை பலருக்கு இருக்கிறது, எனக்கும் அப்படித்தான்.

நான்கு வருடமாக நான் வைத்திருப்பது மோட்டிவ் பவர் பிளீடர். கைப்பம்பு, சுமார் 2 லிட்டர் தொட்டி, மேலே ஒரு கேஜ். என் வண்டி போலோ. பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிளீடரின் மூடியைத் திருகி, 15 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்தக் கணக்கு) வரை காற்றடித்தால் போதும். அப்புறம் சக்கரம் சக்கரமாகப் போய் நிப்பிளைத் திறப்பதும் மூடுவதும்தான். மேலே ஆயில் தீர்ந்ததா என்று ஓடி ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. நிதானமாக, ஒரு பெண் தனியாளாக, வீட்டு முற்றத்தில் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிறேன். வத்தலகுண்டு இறங்கும்போது பெடல் முதல் வளைவில் எப்படியோ காமக்காபட்டியிலும் அப்படியே இருக்கிறது.

ஆனால் சாரல் அண்ணா ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது எனக்கு இவ்வளவு எளிதாக இருக்கக் காரணம் பிளீடர் இல்லை, மூடி. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்கு 45 மில்லிமீட்டர் திருகு மூடி பொது. அதற்கான அடாப்டர் கச்சிதமாக உட்காரும். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா என்றால் மூடி வேறு வேறு. எந்த பிளீடர் என்று கேட்காதீர்கள், என் வண்டியின் மூடிக்கு எந்த அடாப்டர் என்று கேளுங்கள். என் தம்பி வண்டிக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் தட்டையான தகட்டு அடாப்டரை வாங்கினோம். டப்பாவின் வாயில் ரப்பரை வைத்துச் சங்கிலியால் கட்டி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் கசியும். ஆயில் வழிந்து ஃபெண்டரில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் போய்விட்டது.

கெத்தை_டீசல் (மஞ்சூர்) | புதன், மதியம் 1.10

வேக்குவம் பம்பு வாங்கி ஏமாந்தவன் நான். குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது, நிற்பதே இல்லை. ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்தும் குமிழி தீரவில்லை. அப்புறம் இன்னொன்று. கோவையில் அண்ணன் வீட்டில் 25 அங்குலம் காட்டிய கேஜ், இங்கே 20ஐத் தாண்டவில்லை. பம்பு கெட்டுவிட்டதா?

பர்லியார்_பலா (குன்னூர்) | புதன், மாலை 7.15

பம்பு கெடவில்லை. உறிஞ்சும் கருவி எதுவும் உண்மையில் இழுப்பதில்லை. மறுமுனையில் டப்பாவின் மேல் அமர்ந்திருக்கும் காற்று மண்டலம்தான் ஆயிலைத் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, பாதரசக் கணக்கில் 29.9 அங்குலம். ஊட்டியின் 2,240 மீட்டரில் சுமார் 11.2 பிஎஸ்ஐ, அதாவது 23 அங்குலம். உலகத்தின் மிகச் சிறந்த பம்பாலும் ஊட்டியில் அதற்கு மேல் காட்ட முடியாது. பெட்ரோல் வண்டிகளில் பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரும் இதே வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது. மேலே வந்ததும் பெடல் சற்று அழுத்தமாகத் தோன்றுவது அதனால்தான்.

பிரஷர் பிளீடருக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளிக்காற்றைவிட 15 பிஎஸ்ஐ அதிகம் என்பது மேட்டுப்பாளையத்திலும் ஒன்றுதான், தொட்டபெட்டாவிலும் ஒன்றுதான். மலைக்காரர்களுக்கு நான் பிரஷர் வகையையே சொல்வது முதலில் இதனால்.

உங்கள் குமிழிக்குக் காரணம் வேறு. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. நீங்கள் பார்த்த குமிழி பிரேக் லைனில் இருந்ததே அல்ல. மரையில் கொஞ்சம் டெஃப்லான் டேப் சுற்றினால் குறையும். நுனியில் மட்டும் டேப் படக் கூடாது, அங்கேதான் நிப்பிள் உட்கார்ந்து ஆயிலை அடைக்க வேண்டும். பிரஷர் முறையில் மரை வழியாக ஆயில் வெளியே கசியுமே தவிர காற்று உள்ளே வர வழியில்லை. குழாயில் குமிழி தெரிந்தால் அது உள்ளிருந்து வந்தது என்று நம்பலாம். என்னைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைதான் உயரக் கணக்கைவிடப் பெரிய காரணம்.

ஸ்டெப்னி வகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கன்சன் ஈஸிபிளீட் அந்த வகை. டயரில் 20 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வேலை நன்றாகச் செய்யும், பாட்டில்தான் சிறியது, தீர்வதற்குள் பார்த்து நிரப்ப வேண்டும். வேலை முடிந்து ஸ்டெப்னியில் காற்றை நிரப்ப மறந்து காட் ரோட்டில் இறங்குவதை நினைத்தால் எனக்கு மனது ஒப்பவில்லை. வீட்டில் டயர் பம்பு இருந்தால் சரி.

பழைய_ஸ்பேனர் (கூடலூர்) | வியாழன், காலை 6.30

நேற்று சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன், அதைச் சொல்லாமல் இருப்பது தவறு. பழைய வண்டியில் கால்முறை செய்யும்போது பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். தினசரி ஓட்டத்தில் அதன் ரப்பர் வாஷர் முதல் பாதியில்தான் போய் வரும். கடைசிப் பகுதியில் அழுக்கும் துருவும் உட்கார்ந்திருக்கும். தரைவரை மிதித்தால் வாஷர் அங்கே போய்க் கிழியும். ஏர் எடுத்த மறுநாள் மாஸ்டர் போய்விட்டது என்று திரும்பி வந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து மிதிப்பதுதான் வழி. பிரஷர் போட்டு எடுத்தால் பெடலையே தொட வேண்டாம் என்பது எனக்கும் நியாயமாகப் படுகிறது. பத்து வருட வண்டிக்கு அந்தப் பெண் சொல்வது சரிதான்.

கருவி எதுவானாலும் உங்களுக்கு உண்மையான வேலை நிப்பிளில்தான் இருக்கிறது தம்பி. நம் மலையில் மழை, பனி, மூடுபனி. ரப்பர் தொப்பி விழுந்துவிட்ட நிப்பிள் பின் டிரம்மில் துருவேறி ஒட்டியிருக்கும். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை உருண்டுவிடும், அழுத்தினால் முறிந்தே போகும். முறிந்தால் வீல் சிலிண்டரே மாற்ற வேண்டும். முதல் நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். மறுநாள் அதை நன்றாகத் துடைத்துவிடுங்கள், அந்த ஆயில் பிரேக் ரப்பருக்கு ஆகாது. ஆறு முனை சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ மட்டும் போடுங்கள். சுத்தியால் நிப்பிளின் தலையில் லேசாக நாலு தட்டு. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, அப்புறம் தளர்த்த வேண்டும். அசைந்துவிட்டால் பயமில்லை. அசையவில்லை என்றால் விட்டுவிட்டு ஒரு பட்டறைக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் முரட்டுத்தனம் வேண்டாம்.

பிளீடரை வாங்குவதற்கு முன் நாலு நிப்பிளும் அசைகிறதா என்று பாருங்கள். இதுதான் நான் சொல்வது.

அரவேணு_சாரல் (கோத்தகிரி) | வியாழன், இரவு 9.50

ஐயா, மிக்க நன்றி. இன்று மாலை பார்த்தேன். மூன்று அசைந்தன. பின் இடது மட்டும் அடம்பிடிக்கிறது, ஆயில் விட்டு வைத்திருக்கிறேன்.

குறிஞ்சி சொன்னபடி மூடியைப் பார்த்தேன். திருகு மூடி இல்லை, கால் திருப்பில் பூட்டும் வகை. இதற்கான அடாப்டர் கிடைக்கவில்லை. சங்கிலித் தகடு வேண்டாம். அப்போதுதான் ஒரு யோசனை. அதே வண்டிக்கு ஒரு உபரி மூடி வாங்கி, ஓட்டை போட்டு, அதில் டியூப்லெஸ் டயரின் வால்வை மாட்டினால் என்ன? காற்றடிக்க 2 லிட்டர் கைத்தெளிப்பான் போதாதா? தேயிலைக்கும் ரோஜாச் செடிக்கும் அடிப்போமே, அதேதான். பட்டனை அழுத்தித் தெளிக்கும் முனையைக் கழற்றிவிட்டுக் குழாய் மாட்டலாம்.

தேயிலைத்_தளிர் (எடப்பள்ளி) | வியாழன், இரவு 10.40

எஸ்டேட்டில் ஸ்ப்ரேயர் பராமரிப்புதான் பல வருடம் என் வேலை, அதனால் எழுதுகிறேன். முடியும், நானும் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் மருந்து அடித்த பழைய ஸ்ப்ரேயர் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் மிச்சம் இருக்கும். புதிதாக வாங்கி, பிரேக் வேலைக்கு மட்டும் என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ரப்பர் இன்னொரு விஷயம். பிரேக்கின் உள்ளே இருப்பது பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர், இந்த ஆயிலுக்கு அது தாங்கும். ஸ்ப்ரேயரில் வரும் ஓ ரிங் பெரும்பாலும் நைட்ரைல். பிரேக் ஆயிலில் ஊறிப் பெருத்து இளகிவிடும். விட்டான் நல்லது என்று கடையில் சொல்வார்கள், அதுவும் இந்த ஆயிலுக்குச் சரிப்படாது. இபிடிஎம் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது ஆயிலே தொடாதபடி வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஸ்ப்ரேயரில் ஆயில் ஊற்றாதீர்கள். வெறும் காற்றை மட்டும் டப்பாவுக்கு அனுப்புங்கள்.

கொடை_குறிஞ்சி (கொடைக்கானல்) | வெள்ளி, காலை 7.55

வெறும் காற்று முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது. டப்பாவில் இருக்கும் ஆயில் தீர்ந்தால் காற்றே லைனுக்குள் போய்விடும், அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏபிஎஸ் வண்டியில் அந்தக் காற்று மாடுலேட்டருக்குள் (ஏபிஎஸ்ஸின் வால்வும் பம்பும் இருக்கும் பெட்டி) போய் மாட்டிக்கொண்டால் ஸ்கேனர் போட்டு பம்பை ஓட்டினால்தான் வெளியே வரும். தொட்டியில் ஆயில் ஊற்றும் முறையில் இந்தப் பயமே இல்லை.

தேயிலைத்_தளிர் (எடப்பள்ளி) | வெள்ளி, காலை 8.20

உண்மை. ஆனால் தொட்டி முறையில் அடியில் எப்போதும் கொஞ்சம் ஆயில் நிற்க வேண்டும், குழாயிலும் நிற்கும், கடைசியில் அது வீண். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் ஆயிலை வைத்து வேலை செய்பவருக்குக் காற்று முறைதான் கட்டுப்படியாகும். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்து, காற்றை விடு, டப்பாவை நிரப்பு, மறுபடி காற்றடி. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சாரல் சார் வண்டியில் ஏபிஎஸ் இல்லை என்கிறார், அவருக்கு இது போதும் என்பது என் கருத்து. உங்கள் வண்டிக்கு உங்கள் முறைதான் சரி.

கெத்தை_டீசல் (மஞ்சூர்) | வெள்ளி, மதியம் 12.30

இவ்வளவு கஷ்டம் எதற்கு? பஞ்சர் கடை கம்ப்ரஸரில் நேரடியாகக் குழாய் கொடுத்தால் ஆகாதா?

பர்லியார்_பலா (குன்னூர்) | வெள்ளி, மதியம் 12.50

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம். அந்த ஆயில் டப்பா பிளாஸ்டிக். மாஸ்டர் சிலிண்டரின் மேல் இரண்டு ரப்பர் புஷ்ஷில் அழுத்தி வைத்ததுதான், பல வண்டிகளில் அதைப் பிடிக்க ஒரு சின்ன பின் மட்டும் உண்டு. கம்ப்ரஸரில் நூறு பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். டப்பா வெடித்தாலோ பிய்த்துக்கொண்டு வந்தாலோ ஆயில் கண்ணில்தான் அடிக்கும். 10 பிஎஸ்ஐ போதும், 15 தாராளம், 20ஐ நான் எந்த வண்டியிலும் தாண்டியதில்லை.

சாரல் அண்ணா, ஸ்ப்ரேயரில் கேஜ் இருக்காது. டி பிட்டிங் வைத்து 0–30 பிஎஸ்ஐ கேஜ் ஒன்று மாட்டுங்கள். டயர் கேஜ் வைத்தால் 10க்கும் 15க்கும் உள்ள வித்தியாசமே தெரியாது. முதல் முறை டப்பாவை ஆயில் மட்டத்தோடு அப்படியே விட்டு, நிப்பிள் எதையும் திறக்காமல் காற்று மட்டும் ஏற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். முள் இறங்காமல் நின்றால்தான் மேற்கொண்டு வேலை. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அரவேணு_சாரல் (கோத்தகிரி) | ஞாயிறு, காலை 11.15

மாட்டிவிட்டேன், முள் நிற்கவில்லை. 12 பிஎஸ்ஐ ஏற்றினால் ஒரு நிமிடத்தில் 4க்கு வந்துவிடுகிறது. வால்வைச் சுற்றிச் சோப்பு நுரை போட்டேன், அங்கே குமிழி இல்லை. மூடியின் விளிம்பில் இருந்துதான் வருகிறது. மூடியின் ரப்பர் புதிது, நன்றாகப் பூட்டியிருக்கிறேன். உபரி மூடியில் தவறு இருக்குமோ? திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கவா?

தேயிலைத்_தளிர் (எடப்பள்ளி) | ஞாயிறு, காலை 11.40

மூடியில் தவறில்லை சார், மூடி தன் வேலையைச் செய்கிறது. பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் இறங்கும். அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும், அதற்கென்று மூடியில் ஒரு மூச்சுவழி வைத்திருப்பார்கள். ரப்பரைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், நடுவில் கத்திக்கீறல் மாதிரி ஒன்று இருக்கும், அல்லது மூடியின் மரைக்குப் பக்கத்தில் நூல் போல ஒரு பள்ளம் ஓடும். அதை அடைக்க வேண்டும். ரப்பரை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு இபிடிஎம் தாளில் வட்டமாக வெட்டி வையுங்கள், நடுவில் வால்வுக்கு மட்டும் துளை. இந்த மூடியை எக்காரணம் கொண்டும் வண்டியில் போட்டு ஓட்டக் கூடாது. வேறு நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

அரவேணு_சாரல் (கோத்தகிரி) | ஞாயிறு, மதியம் 12.25

கீறல் இருந்தது! அடைத்தேன். 12ல் முள் அப்படியே நிற்கிறது, பத்து நிமிடமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

பழைய_ஸ்பேனர் (கூடலூர்) | ஞாயிறு, மதியம் 12.40

சமதரையில் நிறுத்தி, டயருக்கு அண்டை கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது, ஸ்டாண்டு வையுங்கள். டப்பாவில் இருக்கும் கறுப்பு ஆயிலை முதலில் சிரிஞ்சில் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த அழுக்கைத்தான் நாலு சக்கரத்துக்கும் அனுப்புவீர்கள். நம் வண்டிகளில் மாஸ்டர் வலது பக்கம் என்பதால் பின் இடது தூரத்தில் இருப்பது, பொதுவாக அங்கிருந்துதான் தொடக்கம். ஆனால் குறுக்காக லைன் பிரித்த (ஒரு முன் சக்கரமும் எதிர்ப் பக்கப் பின் சக்கரமும் ஒரே லைனில் இருக்கும்) வண்டிகளில் சில வேறு வரிசை கேட்கும். வண்டிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே முடிவு. நிப்பிளை மூடும்போது கையின் முழு பலத்தையும் காட்டாதீர்கள், 10 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் வரும்.

அரவேணு_சாரல் (கோத்தகிரி) | ஞாயிறு, இரவு 8.30

முடிந்தது. மூன்று மணி நேரம் ஆனது, அதில் ஒரு மணி நேரம் அந்தப் பின் இடது நிப்பிளுக்கே. ஐயா சொன்னபடி இறுக்கும் பக்கம் அசைத்தபோது "டிக்" என்று ஒரு சத்தம். முறிந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். முறியவில்லை, இளகியிருந்தது.

நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைத்தேன். பின்பக்கம் வந்த ஆயில் டிகாக்‌ஷன் நிறம். முன் இரண்டு காலிப்பரிலும் (பேட்டை டிஸ்கில் அழுத்தும் பாகம்) அதைவிட மோசம், கருமை, சின்னச் சின்னத் துகள். முன் இடதில் இரண்டு குமிழி வந்தது. தேன் நிறம் வரும்வரை விட்டேன். டப்பாவை ஆறு முறை நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் ஸ்ப்ரேயரின் காற்றை முதலில் விட்டு, முள் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறந்தேன். ஒரு லிட்டரில் மிச்சம் ஒரு டம்ளர் இருக்கும்.

ஃபெண்டரில் ஈரத் துணி விரித்திருந்தேன், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். இரண்டு சொட்டு விழுந்தது, உடனே கழுவிவிட்டேன், பெயின்டுக்கு ஒன்றுமில்லை.

எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை மிதித்துப் பார்த்தேன். பாதிக்கு மேலேயே நிற்கிறது. முப்பது வினாடி அழுத்திப் பிடித்தும் இறங்கவில்லை. தெருவில் மெதுவாக நாலு முறை நிறுத்திப் பார்த்தேன். ஒரு சந்தேகம் மட்டும். மிச்ச ஆயிலை அடுத்த வருடத்துக்கு வைக்கலாமா? பழைய ஆயிலை என்ன செய்வது?

பர்லியார்_பலா (குன்னூர்) | ஞாயிறு, இரவு 9.10

ரொம்ப சந்தோஷம் அண்ணா. திறந்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள். நம் ஊர் மூடுபனியில் திறந்து வைத்த நேரத்திலேயே அது ஈரம் குடிக்கத் தொடங்கியிருக்கும். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தேயிலைச் சரிவிலோ ஊற்றிவிட வேண்டாம், நம் ஓடைகள் எல்லாம் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகிறவை. மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, நாயும் குழந்தையும் தொடாத இடத்தில் வைத்து, கழிவு ஆயில் வாங்கும் வொர்க்‌ஷாப்பில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் ஆயிலோடு கலக்காதீர்கள்.

புத்தகத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். வாரம் ஒருமுறை இறங்குபவர் என்றால் நான் வருடாவருடம் மழை முடிந்ததும் மாற்றச் சொல்வேன். அப்புறம் இறங்கும்போது இரண்டாவது கியர். போர்டில் எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை.

அரவேணு_சாரல் (கோத்தகிரி) | அடுத்த சனி, இரவு 7.40

இன்று இறங்கி ஏறினோம். இரண்டாவது கியர், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அழுத்தமான பிரேக், உடனே காலை எடுத்துவிடுவேன். வேண்டுமென்றே அதே குஞ்சப்பனையில் நிறுத்தி அதே பத்து நிமிடம் டீ குடித்தோம். மனைவி வண்டியில் ஏறாமல் வெளியே நின்றுகொண்டு, "முதலில் மிதித்துப் பாருங்கள்" என்றார். மிதித்தேன். நின்றது. அப்புறம்தான் ஏறினார்.

கெத்தை_டீசல் (மஞ்சூர்) | சனி, இரவு 8.15

அண்ணா, என் வண்டியும் உங்கள் மாடல்தான், ஏபிஎஸ்ஸும் இல்லை. அந்த மூடியும் ஸ்ப்ரேயரும் ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா?

அரவேணு_சாரல் (கோத்தகிரி) | சனி, இரவு 8.30

தாராளமாக. புதன்கிழமை வேலையாக ஊட்டி வருகிறேன், சேரிங் கிராஸில் வாங்கிக்கொள்ளுங்கள். மூடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறேன். அதற்குள் நாலு நிப்பிளும் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள், ஆயில் டப்பாவை வாங்கி சீல் உடைக்காமல் வையுங்கள்.